கார் இறக்கப் போகிறீர்களா? முதலில் தூக்குக்குண்டை எடுங்கள்

என் வீல் அலைன்மென்ட் கடை கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலந்தாவளம் போகிற ரோட்டில் இருக்கிறது. எல்லை என்பதால் டி.என். 41-உம் கே.எல். 70-உம் ஒரே வரிசையில் நிற்கும். பொள்ளாச்சிப் பையன்கள் அண்ணா என்பார்கள், பாலக்காட்டுப் பையன்கள் சேட்டா என்பார்கள். கேட்பது மட்டும் ஒன்றுதான்: வண்டியை இறக்கணும் (தரையோடு தாழ நிக்கணும்), வீல் மட்கார்டு விளிம்போடு ஒட்டி நிக்கணும். அதற்கு ஃப்ளஷ் ஃபிட்மென்ட் என்று பெயர் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். போனில் ஒரு படம் வைத்திருப்பார்கள். படத்தில் இருப்பது ஜப்பான் ரோட்டில் ஓடுகிற கார். அது நம் சித்தூர் தாலுகா ரோட்டில் (நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவில் இருப்பது இல்லை) வந்தால், பள்ளிக்கூடத்து முன்னால் இருக்கிற முதல் ஹம்ப்பிலேயே (வேகத்தடையில்) சைலன்சர் தரையில் கிடக்கும்.

அதற்காக இறக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அளவோடு இறக்கி, சரியான ரிம்மும் டயரும் போட்டால் சின்ன ஸ்விஃப்ட்கூட எடுப்பாக இருக்கும், வளைவில் சாய்வதும் குறையும். ஆனால் எல்லாரும் செய்கிற வரிசை தலைகீழ். முதலில் ஸ்பிரிங்கை வாங்கி இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் அலாய் வீல் தேடுகிறார்கள், அது உரசினால் ஃபெண்டரை (மட்கார்டைத்தான்) மடக்குகிறார்கள், மழைக்காலம் முடிந்தால் மடக்கிய இடத்தில் துரு. வீலும் டயரும்தான் முதலில் முடிவாக வேண்டும். எவ்வளவு இறக்கலாம் என்பதை அந்த அளவே சொல்லிவிடும்.

சட்டத்தை முதலிலேயே பேசிவிடலாம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது, அது கேரளத்திலிருந்து போன வழக்குதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது மத்திய சட்டம். ‘நம்ம வண்டி தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷன், கேரளாவில் கேட்க மாட்டார்கள்’ என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற துறை.

ஆக, பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலிலேயே மேல் வேரியன்டுக்குக் கம்பெனி கொடுத்த ரிம், டயர் அளவுக்குப் போவது. 2011-இல் வந்த ஸ்விஃப்டில் கீழ் வேரியன்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்டான இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15 (டயர் அகலம் மி.மீ.யில், பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை அங்குலம் என்ற வரிசை). கீழ் வேரியன்ட் வைத்திருப்பவர் 15 அங்குலத்துக்குப் போனாலே வண்டியின் நிற்பு மாறிவிடும். பாதிப் பேருக்கு இதுவே போதும், ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதே இல்லை. அதற்கு மேல் போகிறவர்கள் தெரிந்தே போகிறார்கள். அவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்து வைத்தால் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் முதலில் பார்ப்பது இதைத்தான். கழற்றிய ஸ்பிரிங்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தூக்குக்குண்டு

கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே தூக்குக்குண்டுதான். என் கடையில் டார்க் ரெஞ்சுக்குப் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) பக்கத்தில் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் சஸ்பென்ஷன் இறுகி நிற்கும், அளவு தவறும். அதனால் கட்டை வைத்து நிறுத்தி, நாலு மூலையையும் இரண்டு தடவை அமுக்கி விடுங்கள். பிறகு ஃபெண்டர் விளிம்பின் உச்சியில், வீல் சென்டருக்கு நேர் மேலே, நூலை டேப்பால் ஒட்டிக் குண்டைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வெளியே புடைத்திருக்கும் இடத்துக்கும் எத்தனை மி.மீ. இடைவெளி, நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் எத்தனை, இரண்டையும் எழுதுங்கள். நாலு வீலுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரே இடைவெளி இருப்பது அபூர்வம். இடது வலதுகூட இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் வரும், கம்பெனி வண்டியிலேயே. ஒருபக்கம் மட்டும் பெரிதாக மாறினால் அந்த வண்டி எங்கேயோ அடி வாங்கியிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் அதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது ஹப் (வீல் மாட்டுகிற நடுப்பகுதி) சென்டரிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நேர் உயரம். தரையிலிருந்து எடுக்காதீர்கள். டயர் மாறினாலோ காற்று குறைந்தாலோ தரை அளவு மாறும். ஹப்பிலிருந்து எடுத்த அளவு ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் சொல்லும்.

உள்பக்கத்தையும் விடக் கூடாது. முன் டயருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம்? விரல் நுழையாத இடத்தில் பென்சிலை விட்டுப் பாருங்கள். பின்னால் டயருக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் பீமுக்கும் (இரண்டு பின் வீலையும் இணைக்கிற குறுக்கு இரும்பு) உள்ள இடம். வெளியே தெரிகிற அழகைப் பார்த்து உள்ளே இடிக்கவிட்டவர்கள் நிறைய.

ரிம் கணக்கு

ரிம்மில் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: பிசிடி (எத்தனை போல்ட் துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மி.மீ.), சென்டர் துளை, அகலம் (அங்குலத்தில், ‘ஜே’ என்று போட்டிருக்கும்), ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது). ஸ்விஃப்டுக்கு 4x100, சென்டர் துளை 54.1 மி.மீ. போலோவுக்கு 5x100, துளை 57.1. வெளியில் வாங்கும் அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், 67.1 அல்லது 73.1 என்று. அப்போது அந்த இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் என்ற வளையத்தைக் கட்டாயம் போட வேண்டும். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பிப் போட்டால் வீல் மயிரிழை தள்ளி உட்காரும். வாளையார் தாண்டி என்.எச். 544-இல் எண்பது தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அது போகாது. ஹப் ரிங் கையளவு சாமான்தான், ஆனால் டயர்க்கடையில் கேட்காமல் தர மாட்டார்கள்.

நட்டும் பாருங்கள். சுசூகிக்கு எம்12x1.25, ஹோண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் எம்12x1.5. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது. இம்பாக்ட் கன்னால் ஏற்றினால் ஸ்டட் (நட் ஏறுகிற மரைக் கம்பி) போச்சு. போலோவில் நட்டே கிடையாது, போல்ட். கம்பெனி போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களின் குழி பெரும்பாலும் கூம்பு. உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். அலாய் வாங்கும்போதே அதற்கான போல்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இனி வீலை விளிம்புக்குக் கொண்டுவரும் கணக்கு. உங்கள் ரிம் 5.5 ஜே அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம் (ரிம்மின் உள்பக்கம் அச்சடித்திருக்கும், கழற்றிப் பாருங்கள்). புது ரிம் 6.5 ஜே, ஆஃப்செட் 40. அகலம் ஒரு அங்குலம் கூடுகிறது, அதாவது 25.4 மி.மீ. இதில் பாதி வெளியே, பாதி உள்ளே: 12.7. ஆஃப்செட் 5 குறைந்ததால் வீல் முழுக்க 5 மி.மீ. வெளியே தள்ளும். ஆக ரிம் விளிம்பு வெளியே 17.7 வரும், உள்ளே 7.7 போகும். ஆஃப்செட் எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். இது மட்டும் மனதில் நின்றால் போதும்.

ஆனால் டயர் அதே அளவு வெளியே வராது. பழைய 185/65 ஆர்15 டயர் 5.5 ஜே ரிம்மில் சுமார் 189 மி.மீ. அகலம். புதிதாகப் போடுகிற 195/55 ஆர்16 டயர் 6 ஜே ரிம்மில் சுமார் 201. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும், ஆக 6.5 ஜேயில் 206, பழையதைவிட 17 கூட. பாதிப் பாதியாகப் பார்த்தால் டயரின் புடைப்பு வெளியே எட்டரையும் ஆஃப்செட்டின் ஐந்தும் சேர்ந்து 13.5 மி.மீ.தான் வருகிறது. உள்ளே மூன்றரை. தூக்குக்குண்டு 18 மி.மீ. காட்டிய வண்டியில் இதைப் போட்டால் டயர், ஃபெண்டர் விளிம்புக்கு நாலரை மி.மீ. உள்ளே நிற்கும். எனக்கு ஃப்ளஷ் என்றால் அதுதான். மூன்றிலிருந்து ஐந்து மி.மீ. உள்ளே. அதற்கு மேல் வெளியே வந்தால் மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும், பின்னால் வருகிறவன் கண்ணாடியில் கல் தெறிக்கும், வண்டியை ஓரங்கட்டச் சொல்கிற அதிகாரியின் கண்ணிலும் முதலில் அதுதான் படும்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கிற தகடு) போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் நட் பிடிக்கிற மரையில் 5 மி.மீ. போகிறது. எம்12 ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும், அதாவது 1.25 மரையில் ஒன்பது பத்துச் சுற்று. கையால் ஏற்றி எண்ணிப் பாருங்கள், கம்மியாக இருந்தால் அந்த ஸ்பேசர் வேண்டாம். இருக்கிற ரிம்மை வெளியே தள்ளுகிற காசில் சரியான ஆஃப்செட் ரிம்முக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். எந்த வழியில் போனாலும் வீல் வெளியே வந்தால் வீல் பேரிங்கில் பாரம் கூடும், குழியில் ஸ்டியரிங் இழுப்பு கூடும். 13 மி.மீ.க்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. 30 தாண்டினால் நன்றாகத் தெரியும்.

டயர்

டயரில் செய்கிற பெரிய தப்பு விட்டம். பையன்களுக்கு 195/50 ஆர்15, 195/55 ஆர்15 மேல் ஒரு மோகம், மெல்லிசாகத் தெரியும் என்று. கணக்குப் போடுங்கள். 185/65 ஆர்15 டயரின் பக்கச் சுவர் 185-இல் 65 சதவீதம், 120.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு, அதோடு 15 அங்குல ரிம்மின் 381. மொத்த விட்டம் 621.5. 195/55 ஆர்15 போட்டால் 595.5. விட்டத்தில் 26 குறைகிறது, அதாவது வண்டி 13 மி.மீ. தரைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடமோ 13 மி.மீ. கூடுகிறது. அந்த வெற்றிடத்தைக் குறைக்கத்தானே இத்தனை பாடு? கிளியரன்ஸும் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) போச்சு, பார்வைக்கும் கெட்டது. ஸ்பீடாமீட்டர் வேறு நாலு சதவீதம் கூட்டிக் காட்டும்.

விட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு ரிம்மைப் பெரிதாக்குங்கள். 195/55 ஆர்16 விட்டம் 620.9, பழைய டயருக்கு அரை மி.மீ.தான் வித்தியாசம். பலேனோவில் கம்பெனியே போடுகிற அளவு, ஆகவே எல்லா பிராண்டிலும் கிடைக்கும். 205/50 ஆர்16 என்றால் 611.4, அதுவும் பரவாயில்லை, ஆனால் சிறு காரில் அகலம் அதிகம், மைலேஜ் அடிவாங்கும். 17 அங்குலம் வேண்டும் என்று நிற்கிறவர்களிடம் நான் ஒரு வேலை செய்வேன். ஜூலை மாத மழையில் அவர்கள் தினம் போகிற ரோட்டில் ஒரு தடவை அவர்களோடு போவேன். தண்ணீர் நிறைந்த குழியில் ஆழம் தெரியாது. பக்கச் சுவர் தடிப்பாக இருந்தால் டயர் தாங்கும், மெல்லிசாக இருந்தால் ரிம் வளையும், டயரின் பக்கத்தில் முட்டை போலப் புடைப்பு கிளம்பும். முட்டை வந்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

லோட் இண்டெக்ஸ் என்ற எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அளவுக்குப் பின்னால் 88எச், 87வி என்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 82 என்றால் 475. கம்பெனி டயரின் எண்ணை விடக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஒன்று குறைவதைச் சமாளிக்கலாம், ஆறு குறைவது ஆபத்து. குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு: எச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240. நம் ரோட்டுக்கு டி போதும், அது 190.

ஒரே அளவு போட்டிருந்தாலும் எல்லா டயரும் ஒரே வடிவம் இல்லை. சிலதுக்குத் தோள் சதுரமாக இருக்கும், சிலதுக்கு உருண்டையாக. விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டிய வண்டியில் சதுரத் தோள் டயர் முதலில் உரசும், உருண்டைத் தோள் தப்பித்துவிடும். ஆனால் பார்வைக்குச் சதுரம்தான் நிறைவாக இருக்கும். கடையில் புது டயரை நிறுத்திவைத்து மேலிருந்து பாருங்கள், தெரியும். பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1424 என்றால் 2024-இன் 14-வது வாரம். தள்ளுபடி அதிகம் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

195 டயரை 8 ஜே ரிம்மில் இழுத்து மாட்டுகிற வேலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் கடையில் அது நடக்காது.

எவ்வளவு இறக்கலாம்

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஹம்ப்பை எங்கள் பக்கம் காட்டினால் டீ வாங்கித் தருகிறேன். ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி ராத்திரியில் போட்டுவிட்டுப் போனதுதான் பாதி. குறுகலாக, உயரமாக, இரண்டு வீலுக்கும் நடுவில் வயிற்றில் குத்துகிற மாதிரி இருக்கும். வாய்க்கால் பாலங்களின் ஏற்றமும் அப்படித்தான். அந்த 2011 ஸ்விஃப்டின் கிளியரன்ஸ் 170 மி.மீ. என்பது ஆள் ஏறாத கணக்கு. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் நன்றாகவே அமுங்கும்.

என் கணக்கு 25 முதல் 30 மி.மீ. முன்னால் 30, பின்னால் 25. அதற்கு மேல் இறக்கினால் அழகு கொஞ்சம்தான் கூடும், தொல்லை ரொம்பக் கூடும். நம்பிக்கை இல்லாவிட்டால் 13 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வெட்டி, இப்போது உங்கள் வண்டியில் ஆகத் தாழ்ந்த இடம் எது என்று கீழே நுழைத்துப் பாருங்கள். சைலன்சர் பைப் ஜாயின்டாகத்தான் இருக்கும் பெரும்பாலும். அந்த இடத்தில் கட்டைக்கு மேல் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறதோ அதில் இறக்குகிற அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று செ.மீ. தாழ்ந்தாலே முட்டி வலிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். பட்டறையில் ஒரு சுற்று வெட்டினால் காசு மிச்சம் என்பார்கள். வெட்டினால் மூன்று கெடுதல். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து தட்டை விட்டு நகரும், குழியில் வீல் தொங்கும்போதும் இதே கதை. மூன்றாவது, வேலை செய்யும் சுற்று ஆறு இருந்த ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும், ஆனால் ஷாக்கின் பயணம் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். கேஸ் விளக்கால் சுட்டு இறக்குவது இதைவிட மோசம். உருக்கின் பதம் போய்விடும், உடையவும் கூடும்.

ஐபாக், எச் அண்ட் ஆர், கோப்ரா என்று லோயரிங் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கென்று போட்ட பார்ட் நம்பர் இருந்தால் மட்டும் வாங்குங்கள், பெட்ரோல் டீசல் எஞ்சின் எடை வேறு என்பதால் அதற்கும் தனி நம்பர் இருக்கும். ஷாக் அப்சார்பர் பழையது என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். விறைப்பான ஸ்பிரிங்கைத் தளர்ந்த ஷாக் அடக்காது, வண்டி துள்ளும். கோயிலோவர் செட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உடம்பில் மரை இருக்கும்) உயரத்தைத் திருகிக் கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் விலை பல மடங்கு. எங்கள் பக்கத்துச் சேறு மரையில் ஏறினால் ஒரு மழைக்காலத்திலேயே திருக முடியாமல் பிடித்துக்கொள்ளும். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தும், தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு ஸ்பிரிங்கே போதும்.

மாட்டுகிற வேலை

இது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. ஆனால் மெக்கானிக் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகக் கூடாது. பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் ஒயரையும் முதலில் விடுவிக்க வேண்டும். மறந்துவிட்டு இறக்கினால் ஒயர் அறுந்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். நக்கிளில் (ஹப்பைத் தாங்குகிற இரும்பு) இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றும் முன் அடையாளக் கோடு போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டு) வெளியே வந்ததும் ஆபத்தான கட்டம். ஸ்பிரிங்கை கம்ப்ரசரால் அமுக்கி, மேல் தட்டு ஸ்பிரிங்கை விட்டுத் தளர்ந்து கையால் ஆடும் வரை நடு நட்டைத் தொடக் கூடாது. கம்ப்ரசரின் இரண்டு கொக்கியும் எதிரெதிர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்றில் நாலு சுற்று, அடுத்ததில் நாலு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங்கின் வாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது எங்கே நிற்பது என்பதைத்தான்.

மேல் மவுன்டில் இருக்கும் பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள், மறுபடி இதற்காகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தாங்குகிற பம்ப் ஸ்டாப் ரப்பரைச் சிலர் இடம் கிடைக்கட்டும் என்று எடுத்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் குழியில் ஷாக் உள்ளே இரும்போடு இரும்பு மோதும். ஸ்பிரிங் கம்பெனி எவ்வளவு வெட்டச் சொல்கிறதோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள், சொல்லாவிட்டால் அப்படியே விடுங்கள். ஸ்பிரிங் முனை கீழ்த் தட்டின் படியில் முட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான பட்டறைகளில் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று. லோயர் ஆர்ம் (வீலைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ்களின் போல்ட்டையும் பின் பீம் புஷ் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியின் எடை நாலு வீலிலும் இறங்கி நின்ற பிறகு இறுக்க வேண்டும். புஷ்ஷில் இருக்கும் ரப்பர் இறுக்கிய நிலையில்தான் ஓய்வாக இருக்கும். பழைய உயரத்தில் இறுக்கியதை அப்படியே விட்டு 30 மி.மீ. இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும், கட்கட் சத்தம் வரும். அப்புறம் ஸ்பிரிங் மேல் பழி போடுவார்கள்.

உரசுகிறதா என்று முன்பே பார்ப்பது

ஸ்பிரிங் மாட்டும் முன்னாலேயே இதைப் பார்த்துவிடலாம். ஸ்பிரிங் இல்லாமல், பம்ப் ஸ்டாப்போடு ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, புது வீலையும் போட்டு, ஹப்புக்குக் கீழே ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். வீல் ஆக மேலே வருகிற இடம் அதுதான், குழியில் விழும்போது வீல் அங்கேதான் போகும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். டயரின் தோளில் முன்பே சாக்பீஸை நன்றாகத் தேய்த்து வைத்திருந்தால், எங்கே தொட்டதோ அங்கே கறுப்பு லைனரில் (ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை) வெள்ளைக் கோடு விழும். லைனரில் லேசாகப் பட்டால் ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளிவிடலாம். ஃபெண்டரின் இரும்பு விளிம்பில் பட்டால் ரிம்மை மாற்றுங்கள், அல்லது இறக்குவதைக் குறையுங்கள். பின்னால் ஒரு வீலை மேலே, மறு வீலைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். கோணலான வாசல் ஏற்றத்தில் அப்படித்தான் நிற்கும். இறங்கிய வண்டியில் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் கோணம்) மாறி டயரின் தலை இரண்டு மூன்று மி.மீ. உள்ளே சாயும், அது கொஞ்சம் கைகொடுக்கும்.

அலைன்மென்டும் அதற்குப் பிறகும்

மாட்டிய அன்றே அலைன்மென்ட் பார்த்தால் காசு தண்டம். ஸ்பிரிங் இரண்டு மூன்று நூறு கிலோமீட்டர் ஓடி அமரட்டும். வீலைத் திருப்புகிற டை ராட்டின் சாய்வு மாறியிருப்பதால் டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கண்டிப்பாக மாறியிருக்கும், அது வரை வேகமாக ஓட்ட வேண்டாம். டயரின் உள் ஓரம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி டோ. முன் டோவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கேம்பர் மைனஸ் ஒன்று, ஒன்றரை வரை தினசரி ஓட்டத்துக்குத் தாங்கும், இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நக்கிளில் கேம்பர் போல்ட் போட்டுச் சரிசெய்யலாம். பின்பக்க பீமில் திருகுவதற்கு எதுவும் இல்லை, சில வண்டிகளில் தகடு வைத்து மாற்றலாம்.

ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் கிட்டே விழும். விடிகாலையில் சித்தூர் பக்கத்திலிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு பிக்கப்புகள் பறக்கிற ரோட்டில் தூரம் தெரியாமல் ஓட்ட முடியாது.

வீல் நட்டை 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 100 நியூட்டன் மீட்டர், உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. புது அலாய் முதல் சில நாள் கொஞ்சம் அமரும், அப்போதுதான் நட் தளரும். காற்று குளிர்ந்த டயரில் பிடியுங்கள், பக்கச் சுவர் மெலிந்திருப்பதால் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே ஒருபோதும் விடாதீர்கள். எண்ணெய் மாற்ற வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்து முன் டயரின் உள் ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒருபக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பம் போலக் கையில் பிடித்தால் டோ மறுபடி நகர்ந்திருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் அந்த டயர் புதிது போலவே இருக்கும்.